புத்தகம் வைத்து செஸ் பழக

சென்னை பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும், அவரைப் போலவே மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு செஸ் ஆசையை மூட்டிவிட்டார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டிலும் நல்ல புத்தகம் ஒன்றை வைத்து ஒழுங்காகத் தொடங்கலாம்.

அம்பத்தூர், ஆவடியிலிருந்து மூர் மார்க்கெட் போகும் மின்சார ரயிலில் போய் இறங்கினால் பக்கத்திலேயே அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகள். 1921இல் வெளிவந்த கபபிளாங்காவின் 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' தேடுங்கள். பழைய பதிப்புகளில் 'பி-கே4' என்ற பாணியில் நகர்த்தல்கள் இருக்கும், பிள்ளை குழம்பிப்போகும். அதையே 'இ4' என்று அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஓப்பனிங் புத்தகங்கள் இப்போது வேண்டவே வேண்டாம்.

கபபிளாங்கா கடைசிக்கட்ட ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார். அதுவே சரியான வழி. போர்டில் மூன்றே காய்களை வையுங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வெள்ளை நகர்த்த வேண்டிய முறை என்றால் டிரா; கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. இதற்குப் பெயர் ஆப்போசிஷன். எதிரெதிரே நிற்கும் ராஜாக்களில், நகர வேண்டியவர் வழிவிட்டே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடி, விடை கையில் படியும்வரை அடுத்த பக்கம் புரட்டக் கூடாது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் மோதிய உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம். டிங் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2இல் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. குகேஷின் கடைசி நகர்த்தல் ராஜா இ5. எதிரே இ3இல் டிங்கின் ராஜா. அதே ஆப்போசிஷன்தான்! டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அடுத்து, புத்தகத்து ஆட்டங்கள். வென்றவர் பக்கம் உட்கார்ந்து, அவருடைய அடுத்த நகர்த்தலைக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நகர்த்தலையும் காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகே காகிதத்தை விலக்குங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். செல்போனில் செஸ் எஞ்சினைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு.

பிரக்ஞானந்தாவுக்குப் பயிற்சியளித்த ஆர்.பி. ரமேஷ் எழுதிய 'இம்ப்ரூவ் யுவர் செஸ் கால்குலேஷன்' (2022) அருமையான புத்தகம், ஆனால் கடினமானது. டோர்னமென்ட் ஆடத் தொடங்கி, சொந்த ஆட்டங்களை எழுதி வைத்து அலசும் பழக்கம் வந்த பிறகு அதை வாங்குங்கள்.