அத்திவாரம் வெட்ட முன்னே கேளுங்கள்



1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன நம்மவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் நிறையப் பேர் குடியேறினார்கள். 2009இல் முடிந்த யுத்தத்தில் அந்த வன்னி மண்ணில் காலை இழந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பலர்.

யுத்தத்துக்குப் பின் இந்திய அரசின் உதவியில் அங்கே வீடுகள் எழும்பின. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. காசு தவணை தவணையாகக் குடும்பத்தின் கைக்கே வந்தது. கட்டுகிற வேலையையும் குடும்பமே பார்த்தது. ஆகவே, “படிக்குப் பதிலாச் சாய்வுப் பாதை வையுங்க” என்று மேசனிடம் சொல்ல வழி இருந்தது. கட்டி முடித்த பிறகு நினைத்தால் சுவரை உடைக்கத்தான் வேணும்.

இது நமக்கும் பாடம். மலையகத்திலும் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. சீனி வியாதியால் கால் எடுத்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். வீட்டார் கொழுந்துக்குப் போனால் கக்கூசுக்குத் தூக்கிப் போக ஆளில்லை என்று தண்ணிகூடக் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்லுது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் ஆஸ்பத்திரி, பாடசாலை, கந்தோர் போன்ற பொது இடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்கின்றன. சொந்த வீட்டின் உள்ளே அவை எட்டாது. ஆனால் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில், அரசாங்க வீடமைப்புத் திட்டங்களில் இவர்களுக்கும் இடம் வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே கேட்பது பிச்சையல்ல, உரிமை.

என்ன கேட்பது?

1. சாய்வுப் பாதை: 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அரை அடிப் படிக்கு 6 அடி வேணும். ஓரத்தில் கைபிடி.
2. கதவு: 3 அடி அகலம். நிலை உயரமாக இருக்கக்கூடாது.
3. கக்கூஸ்: வீட்டோடு சேர்த்து, உட்காரும் கொமட், பிடித்து எழும்பச் சுவரில் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேணும்.
4. உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி இடம்.

யாரிடம் கேட்பது?

பெயர்ப் பட்டியல் எடுக்கும் நாளிலேயே கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வைத்தியச் சான்றிதழையும் இணையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், எழுதித் தருவோம்.

இன்று நடமாடுகிறவருக்கும் நாளை வயசாகும். அந்தச் சாய்வுப் பாதை எல்லாருக்கும் உதவும்.