பழைய ராக்கரையே மாட்டிவிட்டு, புதிதுக்குப் பணம் வாங்கினால்?

கேள்வி: என்னிடம் 1989 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. டப்பட் சத்தம் அதிகமானதால் ஈரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். ராக்கர் ஆர்ம், ராக்கர் ஷாஃப்ட் எல்லாம் புதிதாகப் போட்டு ஹெட் வேலை முடித்ததாகச் சொல்லி 26,000 ரூபாய் வாங்கினார்கள். பில் தரவில்லை. ஒரே மாதத்தில் மறுபடியும் அதே சத்தம். எங்கள் ஊர் மெக்கானிக் டப்பட் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாமே பழைய சாமான் என்கிறார். பட்டறைக்காரரோ, "பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது" என்று கைவிரிக்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் தயவுசெய்து ஹெட்டை மேற்கொண்டு பிரிக்க விடாதீர்கள். உங்கள் முக்கிய சாட்சியமே அதற்குள்தான் இருக்கிறது.

ராக்கரின் நுனி, வால்வை அழுத்தும் இடத்தில் ஓடி ஓடித் தேய்ந்து குழி விழும். ஃபீலர் கேஜ் அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடுவதால், அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை முறை டப்பட் செட் செய்தாலும் சத்தம் போகாததற்குக் காரணம் இதுதான். ஆயில் ஒழுங்காக ஏறும் என்ஜினில், நல்ல புது ராக்கர் ஒரு மாதத்தில் இப்படித் தேயாது. ஆயில் ஏறாமல் தேய்ந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் வருகிறதா என்று பார்ப்பதும் ஹெட் வேலையில் சேர்ந்ததுதானே? எனவே நம்பர் பிளேட்டில் தொடங்கி ராக்கர் நுனி வரை ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வமாக ஆய்வறிக்கை வாங்குங்கள்.

ஒன்றை நேர்மையாக யோசியுங்கள். பத்மினிக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது என்பதால், பழைய ராக்கரை கிரைண்டிங் செய்து மாட்டுவது பட்டறை வழக்கம். அப்படித்தான் செய்யப்போகிறோம் என்று சொல்லி நீங்களும் சம்மதித்திருந்தால், வேலையின் தரத்தைப் பற்றி மட்டுமே வாதாட முடியும். புதிது என்று சொல்லிப் பழையதை மாட்டியிருந்தால், வண்டியின் வயது அவர்களைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11)-இன்படி அது சேவைக் குறைபாடு. பில் தராததும் பிரிவு 2(47)-இன்கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறையாகும்.

பில் இல்லையே என்று தளர வேண்டாம். யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய எஸ்டிமேட், பேசிய குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே, புதியவை எந்தக் கடையில் வாங்கியவை என்று அதில் கேளுங்கள். உண்மையிலேயே புதிது போட்டவரிடம் கடை பில் இருக்கும்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யுங்கள். ஈரோட்டுக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் கோவை மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள்.

பொறியாளர் பார்த்து முடித்த பிறகு வண்டியைச் சரிசெய்துகொள்ளுங்கள். கழற்றும் ராக்கர்களைப் பத்திரமாக எடுத்துவைத்து, இந்த முறை பில் வாங்கி, அந்தச் செலவையும் இழப்பீட்டுக் கோரிக்கையில் சேருங்கள்.