மலைக்கும் உரிமை உண்டோ?

நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகியவை ஓரறிவுயிர்க்கு உடல் என்பது நம் சிறார் முதலில் கற்கும் பாடம். அதை வாய்ப்பாடுபோல் ஒப்புவித்து மறந்துவிடுகிறோம். நீதிமன்றம் ஒன்று அப்பாடத்துக்கு அணித்தாக வந்ததை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

எழுமலைக்குத் தென்மேற்கே, வருசநாட்டை அடுத்துள்ளது மேகமலை. அங்கு அரசு வனநிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா வழங்கியதற்காகத் தண்டிக்கப்பட்ட அலுவலர் ஒருவர், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 2022 ஏப்ரலில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி தண்டனையைக் குறைத்தார்; அதனோடு அமையாது, இயற்கை அன்னை உயிருள்ளவள், உரிமையும் கடமையும் உடைய சட்டமுறை நபர் என்றும் அறிவித்தார். கோயில் மூர்த்தியின் பெயரில் நிலம் இருப்பதும் வழக்கு நடப்பதும் இக்கருத்தினால்தான். மூர்த்திக்கு அறங்காவலர் உண்டு. மலைக்கு யார்? தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர்க்கு அரசே பெற்றோர் என்னும் நெறியைத் தீர்ப்பு காட்டுகிறது.

அப்பெற்றோரே மலையை ஏலம் விட்டால்?

மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் உள்ளன. அவற்றில் விழும் மழையே 72 ஏரிகளுக்கும் 200 ஊற்றுகளுக்கும் நீராகிறது. தமிழிக் கல்வெட்டும், அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருவுருவமும் அங்குண்டு. 2022 நவம்பரில் 193 எக்டேர் பரப்பு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. ஈராண்டுக்குள், 2024 நவம்பரில், அதனையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. ஊரார் மதுரைவரை பேரணி சென்றனர். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சட்டமுறை நபருக்காக அங்கே பேசியவர்கள் உழவர்களே.

நம்மில் பலர் திருவுருவத்துக்காகவே வருந்தினோம். திருவுருவம் இல்லாத குன்றாயின் உடைக்கலாமோ? இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் தமிழ் வழிநூலான அருங்கலச்செப்பும், பயனின்றி நிலம் அகழ்தல், நீரைச் சிதைத்தல், மரம் வெட்டுதல் முதலியவற்றை அனர்த்த தண்டம் என விலக்குகின்றன. இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரின் ஊறு முற்றும் தவிர்க்க இயலாதது. ஆகவே நூலார் 'பயனின்றி' என்று வரம்பிட்டனர். அந்த ஒரு சொல்லில்தான் நாம் இடறுகிறோம். உறுதியான பழந்தளத்தைப் பெயர்த்து, பளபளப்புக்காகக் கிரானைட் பதிப்பது எதில் சேரும்? ஜினாலயங்களிலும் இது நடக்கிறது. எம் வீட்டு அடுக்களை மேடையும் அக்கல்லே. எக்குன்றிலிருந்து வந்ததென்று அன்று கேட்கவில்லை. திருப்பணிக்குப் பொருள் கேட்டு வருவோரிடம், பழைய தளம் பழுதாயிற்றா என்று இனிக் கேட்பதாக இருக்கிறோம்.