கூடி ஆராயும் கல்வி

பெங்களூரு நகரில் 1945-ஆம் ஆண்டு, கன்னடப் பேரறிஞர் டி.வி. குண்டப்பா, கோபால கிருஷ்ண கோகலேயின் பெயரால் ஒரு பொதுவாழ்வியல் நிலையத்தை நிறுவினார். பொதுவாழ்வும் ஆன்மிகமயமாக வேண்டும் என்பது கோகலேயின் இலட்சியம். அந்நிலையத்தில் அன்பர்கள் கூடி நூல்களைப் பயின்று ஆராய்ந்தனர். பகவத் கீதைக்குக் குண்டப்பா அளித்த 'ஜீவன தர்ம யோகம்' என்னும் விளக்கநூல் 1967-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

அந்தக் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், வாதிப்போரிடத்து விளங்கும் 'வாதம்' தாமே என்கிறார் பகவான். நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாக வகுக்கிறது. உண்மையை அறியும் நோக்குடன் இரு தரப்பாரும் ஆராய்வது வாதம். வெற்றியை மட்டும் நாடுவது ஜல்பம். தன் கொள்கை எதையும் நிறுவாமல் பிறர் கூற்றை மறுப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. இவற்றுள் இறைவன் தம் விபூதியாகக் கூறியது வாதத்தையே.

வாதத்தின் இலக்கணத்தைக் கன்னட மண்ணிலேயே காணலாம். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணர் அனுபவ மண்டபத்தை அமைத்தார் என்பது சரண மரபு. தலைமை வகித்தவர் அல்லமப் பிரபு. ஓடம் செலுத்தும் சௌடய்யாவும் ஆடை வெளுக்கும் மாச்சிதேவரும் பெண்களும் அச்சபையில் சமமாக அமர்ந்தனர்.

உலகப் பற்றைத் துறந்து, கூந்தலையே ஆடையாகக் கொண்டு அக்கமகாதேவி அங்கு வந்தார். "உடற்பற்று நீங்கியவருக்குக் கூந்தலால் உடலை மறைப்பது எதற்கு?" என்னும் கருத்தில் அல்லமர் வினவினார். தம் பொருட்டன்று, காண்போர் உள்ளம் சலியாதிருக்கவே என்று அக்கா விடையளித்தார். சபை அவரை வணங்கி ஏற்றது. 15-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சூன்ய சம்பாதனை' இத்தகைய உரையாடல்களைப் போற்றிக் காக்கிறது. கடுமையான வினா அங்கு அவமதிப்பாகக் கருதப்படவில்லை. அனுபவத்தை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாகவே விளங்கியது.

அங்கு கற்றது பேச்சோடு நிற்கவில்லை. தோல் தொழிலாளி ஹரளய்யாவின் மகனுக்கும் அந்தணர் மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. அதற்காக இரு தந்தையரும் மன்னன் பிஜ்ஜளனின் தண்டனையால் உயிர் நீத்தனர் என்று மரபு கூறுகிறது. ஆராய்ந்து தெளிந்த உண்மைக்கு அவர்கள் அளித்த விலை அது.

நம் படிப்பு வட்டங்களிலும் ஒருவரே பேச, ஏனையோர் தலையசைப்பது கல்வியாகாது. முதலில் நூற்பகுதியை அனைவரும் வாசிக்க வேண்டும். எல்லோரும் ஒருமுறை பேசிய பின்னரே ஒருவர் மறுமுறை பேசலாம். மறுக்க விரும்புபவர், பிறர் கூறியதை அவர் ஒப்பும்படி எடுத்துரைத்துவிட்டு மறுக்க வேண்டும். தலைவர் தீர்ப்பு வழங்காமல் வினாவை வளர்க்க வேண்டும்.

சிந்தனைக்கு:
1. சென்ற கூட்டத்தில் நாம் நாடியது உண்மையையா, வெற்றியையா?
2. இதுவரை வாய்திறவாத அன்பர் யார்? அவர் பேசுவதற்கு நாம் இடமளித்தோமா?
3. தெளிந்த கருத்துகளுள் இவ்வாரம் வாழ்வில் கடைப்பிடிக்கப் போவது எது?