புதுக் காருக்கு ஷோரூம் பூச்சு தேவையா?

புதுக் கார் வாங்கப் போகும் உறுப்பினர்கள் பலர் ஷோரூமில் கொடுத்த விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். காரின் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் கீழே ‘பெயிண்ட் புரொடெக்‌ஷன்’ என்றோ, ‘செராமிக் கோட்டிங்’ என்றோ, ‘டெஃப்லான்’ என்றோ ஒரு வரி இருக்கிறது. எதிரே ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை. “உங்கள் பக்கம் உப்புக் காற்று, இதைப் போடாவிட்டால் இரண்டு வருடத்தில் வண்டி அரித்துவிடும் என்கிறார்கள். உண்மைதானா?” என்பதே கேள்வி. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடையும் வீடுமாக இருப்பவர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது. நாம் பெயிண்டு மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பளபளப்பு வேண்டுமென்றால் இந்தப் பூச்சு உதவும். துருப் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதே பணத்தை வேறு இடத்தில் செலவிட வேண்டும். ஷோரூமில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வியாபாரி என்ற முறையில் முதலில் டீலர் பக்கம் நின்று பார்ப்போம். கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் சில சதவீதம்தான். அதிலும் தள்ளுபடி கேட்டு நாம் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறோம். ஆகவே இன்சூரன்ஸ், கடன் ஏற்பாடு, சீட் கவர், கோட்டிங் ஆகியவற்றில்தான் அவர் கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் வழி பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு புட்டி மருந்து, ஒரு பையன், இரண்டு மணி நேரம். இதில் நிற்கும் லாபம் காரில் நிற்பதில்லை. நம் கடையிலும் அரிசி மூட்டையில் வராத லாபம் ஊறுகாய் பாட்டிலில் வருகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. வாங்குபவர் மட்டும், தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இனி பூச்சின் கதை. ஆலையிலிருந்து வரும் காரின் தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் குளியல், பிறகு மின்சாரம் பாய்ச்சிய பிரைமர் தொட்டியில் முழு உடலையும் முக்கி எடுக்கும் பூச்சு, அதன் மேல் நடுப்பூச்சு, பிறகு நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என வரிசையாக ஏறுகின்றன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. துருவைத் தடுக்கும் வேலை அடியில் இருக்கும் பாஸ்பேட்டுக்கும் முக்கிய பிரைமருக்கும் உரியது. ஷோரூமில் மேலே தடவும் செராமிக் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரான்தான். அதைக் கொண்டு கல் அடியைத் தடுக்கப் பார்ப்பது, மழைக் கோட்டு போட்டுக்கொண்டு கட்டை அடியைத் தாங்கப் பார்ப்பது போன்றது.

‘9எச் கடினம்’ என்று ஒரு பேச்சு உண்டு. வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கடினம் என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது பென்சில் கணக்கு. பெயிண்டின் மேல் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் 9எச் பென்சிலுக்குக் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். திருவொற்றியூர் கடற்கரை மணல் அந்தப் பென்சிலைவிடப் பல மடங்கு கடினமானது. டெஃப்லான் கதையும் இப்படித்தான். தோசைக்கல்லில் அது ஒட்ட வேண்டுமானால் 350 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். காரின் பெயிண்டோ 140 டிகிரி அளவில் வேக வைக்கப்பட்டது. காரை அத்தனை சூட்டில் வைக்க முடியாது. ஆகவே டெஃப்லான் பாலிஷ் என்று தடவுவது நல்ல மெழுகு பாலிஷ் செய்யும் வேலையைத்தான் செய்யும். சில மாதங்களில் கழுவிப் போய்விடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாளில் அடித்தகட்டுக்குத் தார்ப் பூச்சு அடிப்பது வீண் செலவாக இருக்கவில்லை. ஆலையில் செய்யாததை டீலரோ ஒர்க்ஷாப்போ செய்தாக வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவதால் கார்கள் அரித்துப் போக, 1959-ல் டெட்ராய்ட்டில் ஜீபார்ட் என்ற கம்பெனி துருத் தடுப்பையே தனித் தொழிலாகத் தொடங்கியது. பின்னர் துத்தநாகம் பூசிய தகடும் முக்கிய பிரைமரும் ஆலைகளுக்குள் வந்துவிட்டன. தேவை குறைந்தது, விலைப் பட்டியலில் அந்த வரி மட்டும் வேறு வேறு பெயரில் தங்கிவிட்டது.

அப்படியானால் நம் பகுதிக் காற்று ஒன்றும் செய்யாதா? நிறையவே செய்கிறது. எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றிய காலத்தில் இராயபுரம் வீடுகளின் ஜன்னல் கம்பியில் கறுப்பு படிந்ததைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்று, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூரும் ஓடுகின்றன; சாம்பல் குளங்களும் இருக்கின்றன. மணலியை 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மிக மோசமாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சாம்பலில் மணலைப் போலவே சிலிக்கா இருக்கிறது. காலையில் பனியோடு படிந்திருக்கும் இந்தத் தூசியை, டிரைவர் தோளில் கிடக்கும் காய்ந்த துணியால் ‘பளிச்’ என்று துடைக்கிறாரே, அதுதான் காரின் பளபளப்புக்கு எமன். உப்புத் தாளால் தேய்ப்பதும் அதுவும் ஒன்றே. கோட்டிங் போட்ட காரானாலும் போடாத காரானாலும், ஆறு மாதத்தில் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

இரண்டாவது செம்புள்ளி. வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் “வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, துருப் பிடித்துவிட்டது” என்று பதறி வருவார்கள். பெரும்பாலும் அது காரின் துரு அல்ல. லாரி பிரேக்கிலிருந்தும் ரயில் சக்கரத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டின் மேல் உட்கார்ந்து துருப் பிடிக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் இடங்களில் கார் நிறுத்துபவர்களுக்கு இது சகஜம். ‘கிளே’ என்று விற்கும் களிமண் போன்ற கட்டியைச் சோப்புத் தண்ணீரோடு மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். இதற்காக முழு பெயிண்டு அடிக்க வேண்டும் என்று சொல்லும் பட்டறைக்காரரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது தண்ணீர். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது 1960-களின் இறுதியிலிருந்தே பேசப்படும் விஷயம். நம் வீடுகளில் பலவற்றில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் காய விட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். செராமிக் பூச்சின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதால், அங்கே இந்தத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். போர் தண்ணீரில் கழுவுவதானால் கடைசியாக இரண்டு வாளி மெட்ரோ தண்ணீர் ஊற்றி, ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

துரு இந்த மூன்றிலும் இல்லை. லாரிச் சக்கரம் தெறிக்கும் கல் பானெட்டின் விளிம்பிலோ கதவின் அடியிலோ பட்டு, பெயிண்டு பெயர்ந்து தகடு தெரிகிறதே, அங்கேதான் உப்பு உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் சேற்றால் அடைபட்டாலும் அப்படியே. இந்த இடங்களுக்கும் ஷோரூம் பையன் பானெட்டில் தடவிய பூச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கோட்டிங்கோடு கொடுக்கும் வாரண்டி அட்டையையும் படித்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும். பின்பக்கம், குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை பணம் கட்டிப் பராமரிப்புச் செய்தால்தான் செல்லும் என்று பல அட்டைகளில் இருக்கிறது. கல் அடி, பறவை எச்சம், உப்புத் தண்ணீர்த் திட்டு, ஆலைப் புகைப் படிவு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் அங்கே இருக்கக் காணலாம். இதையெல்லாம் கழித்துவிட்டால், திருவொற்றியூரில் கார் வைத்திருப்பவருக்கு அந்த அட்டையில் மிச்சம் என்ன என்று தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எர்ணாவூர்ப் பக்கத் தெருக்களில் ஏறியதே, அது போன்றதை எந்த அட்டை ஏற்கப் போகிறது?

கணக்குக்கு வருவோம். கோட்டிங் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,500 சேர்த்து 29,500. இதையும் காரின் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்பார்கள். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் 612 ரூபாய், மொத்தத்தில் ஏறத்தாழ 36,700 ஆகிவிடும். வரியைக் கணக்கில் திரும்ப எடுக்கலாமே என்று எண்ண வேண்டாம். டிரைவரோடு பதின்மூன்று பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, வண்டி வாடகைத் தொழில், வண்டி விற்பனை போன்ற சில இனங்கள் தவிர, உள்ளீட்டு வரியாக எடுக்கச் சட்டத்தின் 17(5) பிரிவு அனுமதிப்பதில்லை. அதன் பராமரிப்புக்கும் அதே தடை உண்டு. மறுபுறம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை 400 ரூபாய்க்கு நல்ல தண்ணீரில் அடித்தளத்தோடு வாட்டர் சர்வீஸ் செய்தால் வருடத்துக்கு 10,400. கோட்டிங் பணத்தில் மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கலாம்.

“கோட்டிங் போட்டால்தான் டெலிவரி” என்று சொன்னால்? ஒரு பொருளை வாங்க வேறொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்று சொல்கிறது. கோட்டிங் இல்லாத விலைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒன்றை மட்டும் வியாபாரிகள் நினைவில் வைக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கென வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கடைப் பெயரில் வண்டி எடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் காரின் மேல் ஆசை வைத்துக் கோட்டிங் போட விரும்புபவர்களை நாம் தடுக்கவில்லை. அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம், நிறம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். இவை மெய்யான பலன்கள். ஆனால் ஷோரூமில் டெலிவரிக்கு முந்தைய மாலை அவசரமாகப் போடச் சொல்லாதீர்கள். ஸ்டாக் யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்ற காரில் ஏற்கெனவே கீறல் இருந்தால், அதைப் பாலிஷ் செய்து எடுக்காமல் மேலே பூசுவது கீறலை மூடி முத்திரை வைப்பதாகும். பூசியபின் சில நாள் தண்ணீர் படாமலும் இருக்க வேண்டும். வண்டியை எடுத்து வந்து, இதையே தொழிலாகச் செய்யும் இடத்தில், என்ன மருந்து, எத்தனை கோட்டு என்று பில்லில் எழுதி வாங்கிச் செய்யலாம். கல் அடிக்குத்தான் பயம் என்றால், 150 முதல் 200 மைக்ரான் தடிப்புள்ள ஒட்டுப் படலத்தை முன் பம்பருக்கும் பானெட் விளிம்புக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் சில புதுக் கார்களின் மேல் வெள்ளைப் படலம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வழித் தூசிக்குக் கம்பெனிக்காரர்களே நம்புவது அதைத்தான்.

நமக்கு உண்மையில் கவலை தருவது வேறு. வீட்டுக் காருக்கு 30,000 ரூபாய்க்குப் பளபளப்பு வாங்கும் அதே வியாபாரி, தினமும் சோறு போடும் குட்டி யானைக்கு ஒரு டப்பா பிரைமர்கூட வாங்குவதில்லை. மூட்டையும் டின்னும் உரசி உரசி அதன் தளத்தில் பெயிண்டே இருப்பதில்லை. மீன் பெட்டி ஏற்றும் வண்டியானால் உப்பும் ஐஸ் தண்ணீரும் நாள் முழுக்கச் சொட்டுகிறது. மூன்றாம் வருடம் தளம் ஓட்டையாகி, எஃப்.சி. நேரத்தில் டிங்கரிங், வெல்டிங் என்று அவசரச் செலவு வந்து நிற்கிறது. சரக்கு வண்டியின் பராமரிப்புக்குக் கட்டும் வரியையாவது உள்ளீட்டு வரியாக எடுக்க முடியும், அதையும் விட்டுவிடுகிறார்கள்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, புதிதாகப் பெயிண்டு அடிக்கிறார்கள். உப்போடு வாழ்பவர்கள் ஒருமுறை பூசி ஐந்து வருடம் இருக்கும் என்ற பேச்சை நம்புவதில்லை. சரக்கு வண்டிக்கும் வருடம் ஒருமுறை இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். தளத்தைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் அடித்து, மேலே எனாமல் பூச வேண்டும். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்து மூடுவது வீண். அடியில் உப்பு இருந்தால் எந்தப் பிரைமரும் கொப்புளித்துக்கொண்டு வரும். அடிச்சட்டத்தின் உள்பக்கங்களுக்கு மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை நீண்ட குழாய் வைத்து அடிக்கும் இடங்கள் இருக்கின்றன. செலவழிக்க மனம் இருந்தால் அங்கே செலவழிக்கலாம்.

காருக்கு வாங்க வேண்டிய ஒரு பொருள் உண்டு. நெயில் பாலிஷ் புட்டி அளவில் கிடைக்கும் டச்-அப் பெயிண்டு. டெலிவரி எடுக்கும் நாளிலேயே நிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவியபின் முன்பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்த்து, கல் பட்டுப் பெயர்ந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். பொட்டு பெரிதாக வேண்டாம். தகடு மூடினால் சரி.