மாதத்தைக் கழித்துப் பாருங்கள்



வாலாஜாபாத் பக்கத்து வீடுகளைச் சந்திக்கையில், குறைமாதப் பிள்ளையைப் பெற்ற தாய்மார் கேட்பது இதுதான்: "ஆறு மாசமாச்சு ஐயா, இன்னும் குப்புற விழலையே, மூளை வளர்ச்சி குறைவோ?"

40 வாரம் கருவிலிருக்க வேண்டிய பிள்ளை 32-ஆம் வாரத்தில் பிறந்திருந்தால், அந்த 8 வாரத்தைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். அப்படியானால் அதற்கு நான்கு மாதந்தான்! இரண்டு வயது வரை இந்தக் கணக்கு பொருந்தும். 35-ஆம் வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. மீதியை அது வெளியே வளர்க்கிறது. ஆகவேதான் வைத்தியர் ஒவ்வொரு முறையும் தலைச்சுற்றளவை அளக்கிறார். அக்கம்பக்கத்தாரின் ஒப்பீட்டைவிட அந்த நாடாவை நம்பலாம்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை பராமரிப்பில், பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பார்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்த உடனே இதைத் தொடங்கியதால் மரணம் 25 சதவீதம் குறைந்தது. தகப்பனும் அணைக்கலாம். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் குளித்துவிட்டு அணைக்கட்டும்.

ஆனால் தடுப்பூசிக்கு மாதத்தைக் கழிக்கக்கூடாது. அது பிறந்த தேதிப்படியே. கண் பரிசோதனையும் அப்படித்தான். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் முழுமையாகாமல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த 30 நாளுக்குள் அதைச் செய்யவேண்டும். தாமதித்தால் பார்வையே போய்விடக்கூடும். பஸ் காசில்லாமல் அந்த நாளைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு.