முகக்கவச உத்தரவால் பலன் உண்டா?



2020-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக சர்க்கார் 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசமின்றிப் பொது இடத்துக்கு வருவோருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது. போலீசாரைக் கண்டதும் துண்டை மூக்குவரை இழுத்து, தாண்டியதும் கழுத்துக்கு இறக்கிவிட்டவர்கள் நம் ஊர்களில் அநேகர். இன்று அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால், "அது வீண் தொல்லை" என்பாரும், "அதனால்தான் பிழைத்தோம்" என்பாரும் இன்னும் வாதாடுகிறார்கள். அமைதியாக ஆராய்வோம்.

வினா: கொரோனா போன்ற வியாதி எவ்விதம் தொற்றுகிறது?

விடை: பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து துளிகள் கிளம்புகின்றன. பெரிய துளி சீக்கிரம் தரையில் விழும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளியோ அடைத்த இடத்தில் நெடுநேரம் மிதக்கும். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். குளிருக்காகப் படுதாவை இறக்கிவிட்டு, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் விட்ட மூச்சையே அடுத்தவர் இழுக்கிறார். திராட்சைத் தோட்டத்துத் திறந்த வெளியில் இந்த அபாயம் மிகவும் குறைவு.

வினா: முகக்கவசம் அதைத் தடுக்குமா?

விடை: முழுவதும் தடுக்காது, குறைக்கும். 1910-11-ல் மஞ்சூரியாவில் மூச்சின் வழியே பரவும் பிளேக் வந்தபோது, பினாங்கில் பிறந்த வைத்தியர் ஊ லியென்-தே எல்லாரும் சல்லாத்துணிக் கவசம் அணியவேண்டும் என்றார். அதை ஒப்பாத பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே வியாதியால் இறந்தார்.

காசநோயைக் குறித்தும் ஒரு சோதனை உண்டு. தென் ஆப்பிரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி அறைக் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த இரண்டு கூடங்களுக்கு நாள்விட்டு நாள் மாற்றிச் செலுத்தினார்கள். நோயாளிகள் கவசம் அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 பிராணிகளில் 69-க்குத் தொற்றியது. அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த 90-ல் 36-க்கு மட்டுமே. 2012-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

வினா: அப்படியானால் உத்தரவு போட்டாலே போதாதா?

விடை: போதாது. வங்காள தேசத்தில் 2020 மே மாதமே கவசம் கட்டாயமாக்கப்பட்டு, அபராதமும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பின்னர் கிராமங்களில் எண்ணிப் பார்த்தபோது, 100-க்குச் சுமார் 13 பேரே சரியாக அணிந்திருந்தார்கள். அப்போது ஆராய்ச்சியாளர் 600 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதியில் கவசத்தை இலவசமாகக் கொடுத்தார்கள், காரணத்தை விளக்கினார்கள், ஊர்ப் பெரியவர்கள் தாங்களே அணிந்து காட்டினார்கள், சந்தையிலும் தெருவிலும் ஆள் நின்று அன்பாய் நினைவூட்டினார்கள். அணிவோர் 100-க்கு 42 ஆனார்கள்.

பலன் என்ன? ஆஸ்பத்திரிகளில் அணியும் மருத்துவக் கவசம் கொடுத்த கிராமங்களில், நோய்க்குறி தோன்றி இரத்தப் பரிசோதனையில் உறுதியான கொரோனா 100-க்கு 11 பங்கு குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் 35 பங்கு குறைந்தது. சாதாரணத் துணிக் கவசத்துக்கு இவ்வளவு தெளிவான பலன் காணப்படவில்லை. பாதிப் பேர்கூட அணியாதபோதே இந்தப் பலன் என்பதைக் கவனியுங்கள்.

வினா: பலனில்லை என்று சொன்ன ஆராய்ச்சிகளும் உண்டே?

விடை: உண்டு, அவற்றை மறைக்கலாகாது. 2020-ல் டென்மார்க்கில் சுமார் 6,000 பேரை வைத்து நடந்த சோதனையில், கவசம் அணியச் சொல்லப்பட்டவர்களில் 100-க்கு 1.8 பேருக்கும், சொல்லப்படாதவர்களில் 2.1 பேருக்கும் தொற்றியது. தீர்ப்புச் சொல்ல இந்த வித்தியாசம் போதாது. மேலும், அணிந்தவருக்கு நன்மையா என்று மட்டுமே அது பார்த்தது. அவரால் பிறருக்குத் தொற்றாமல் இருந்ததா என்று பார்க்கவில்லை. 2023-ல் பல சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வும் நிச்சயமான முடிவுக்கு வரவில்லை. "கவசம் வீண் என்று இதற்குப் பொருளல்ல" என்று காக்ரேனின் தலைமைப் பதிப்பாசிரியரே பிறகு விளக்க நேர்ந்தது.

ஆகவே நாம் அறியவேண்டியது இது: உத்தரவு காகிதத்தில் இருந்தால் வியாதி நிற்காது. மூக்கும் வாயும் மூடப்பட்டால்தான் குறையும். அன்றாடங்காய்ச்சியிடம் 200 ரூபாய் பறிப்பதைவிட, அவன் கையில் ஒரு நல்ல கவசத்தைக் கொடுத்துக் காரணம் சொல்வது அதிக வேலை செய்யும். காரணம் விளங்கியவனுக்குப் போலீஸ்காரர் வேண்டியதில்லை.

குடும்பங்களுக்குப் பிரதிக்கினை:

1. இருமலோ காய்ச்சலோ உள்ளவர் வீட்டில் இருக்கட்டும். போயே தீரவேண்டுமானால், ஜீப்பிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் மூக்கை மூடிக் கவசம் அணியட்டும்.

2. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஜீப்பின் படுதாவைச் சற்றே தூக்கிக் கட்டுங்கள்.

3. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

4. தடுமன் உள்ளவர் தாத்தா பாட்டியின் அருகில் உட்காருமுன் கவசத்தை எடுத்து அணியுங்கள். இதற்கு எந்தச் சர்க்காரும் உத்தரவு போடாது. வீட்டிலுள்ள நாம்தான் நினைவாய்ச் செய்யவேண்டும்.